கை நனைக்காத அத்தை

"பாட்டு ரெக்கார்டு மேல எதுக்குடி கொழாய் படம்?" என்று கேட்டாள் ஸ்வர்ணா.

கையெல்லாம் உளுந்து மாவு. அதனால் வந்து இறங்கிய அட்டைப்பெட்டியைத் தொடாமல் குனிந்து மட்டும் பார்த்தாள். கராஜில் இரண்டு கிரைண்டர்களும் ஓடிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை என்றால் ரவுண்ட் ராக்கில் பாதி தமிழ் வீடுகளுக்கு மாவு அரைக்கிற நாள். ஜனவரிக் குளிர் மாவைப் பொங்கவிடாது. டெக்சாஸில் குளிரே கிடையாது என்று சொல்கிறவர்கள் ஜனவரியில் இட்லிக்கு அரைத்துப் பார்த்ததில்லை. அதற்காக ஸ்வர்ணா பாத்திரங்களுக்கெல்லாம் எலக்ட்ரிக் கம்பளி போர்த்தி வைத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு நாலைந்து பேர் ஜுரத்தில் சுருண்டு படுத்திருக்கிற மாதிரி இருக்கும்.

"அதான் டைட்டில் சாங், அம்மா," என்றாள் அஞ்சனா. சொல்லிவிட்டுத் தும்மினாள்.

சீடர் மரங்கள் பூந்தூளைக் கொட்டுகிற மாதம். கார் கண்ணாடி, வாசற்படி, குப்பைத் தொட்டி மூடி, எல்லாம் மஞ்சள். ஊர் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் டெய்லர் என்கிற ஊரில் ஒரு பழைய டான்ஸ் ஹாலில் இந்த ஆல்பத்தை வெளியிடுகிறார்கள். பாட வேண்டியவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஸ்வர்ணா மிளகுப்பாலும் சித்தரத்தையுமாக அவளைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

இருபத்து நாலு வயதில் அஞ்சனா போடுகிற முதல் ஆல்பம். கன்ட்ரி ஃபோக் என்று சொல்கிறார்கள். கிடாரும் ஃபிடிலுமாக, நெடுஞ்சாலையையும் பிரிந்து போனவர்களையும் பற்றி டெக்சாஸ்காரர்கள் இழுத்து இழுத்துப் பாடுவார்களே, அது. மாடியறையிலிருந்து இறங்கி வந்த மெட்டெல்லாம் ஸ்வர்ணாவுக்குத் தெரியும். வேலை செய்யும்போது அவளே முணுமுணுப்பாள். வார்த்தைதான் பிடிபடாது. ஏதாவது காதலாக இருந்தால் நமக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று அவளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதில்லை.

"டைட்டில் என்ன?"

"ஷீ வுட்ன்ட் வெட் ஹர் ஹேண்ட்ஸ்."

"தமிழ்ல சொல்லேன்."

அஞ்சனாவுக்குத் தமிழ் கேட்டால் புரியும். பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்து வைப்பாள். இதற்கு அவள் தேடவில்லை.

"கை நனைக்க மாட்டேன்," என்றாள். "அத்தை சொன்னது."

ஸ்வர்ணா இரண்டு கிரைண்டர்களையும் நிறுத்தினாள்.

"எந்த அத்தை?"

"எனக்கு எத்தனை அத்தை இருக்காங்க? அபயம் அத்தை."

"பாடு. மெதுவா பாடு. ஒவ்வொரு வரியா அர்த்தம் சொல்லு."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, அடைத்த தொண்டையில் அஞ்சனா பாடினாள். இங்கிலீஷ் பாட்டுத்தான். தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

*சிப்பி மாதிரி ஒரு சோப்பு எடுத்து வைத்தேன்,*
*மடித்த புதுத் துண்டு எடுத்து வைத்தேன்,*
*குழாயைத் திறந்தே விட்டிருந்தேன்.*
*அவள் வந்தாள், இருந்தாள், போனாள்.*
*எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.*
*எங்கள் தண்ணீரில் என்ன குறை?*

நடுவில் ஒரு சரணம் வந்தது. *புதுவீடு, புகை, அடுப்பில் பால். அப்பா சொன்னார், இனிக் காத்திருக்க வேண்டாம்.*

ஸ்வர்ணா கையிலிருந்த மாவு காய்ந்துகொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

"ஏண்டி, சோப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

"நான்தானே வெப்பேன், அம்மா. அத்தை வரும்போதெல்லாம். லாவெண்டர் ஷெல் சோப். ஞாபகமில்ல?"

ஞாபகம் இருந்தது. அபயாம்பாள் வருகிறாள் என்று தெரிந்தால் சின்னப் பெண் ஓடிப்போய்க் கீழ் பாத்ரூமில் புதுச் சோப்பும் துண்டும் வைப்பாள். ஸ்கூலில் ஏதோ மேனர்ஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் ஸ்வர்ணா அன்று நினைத்தாள்.

"அடிப் பொண்ணே. கை நனைக்கறதுன்னா கை கழுவறது இல்லடி."

"பின்ன?"

"சாப்பிடறது. ஒருத்தர் வீட்டுல உக்காந்து சாப்பிடறதுக்குத்தான் அப்படிச் சொல்றது. சம்பந்தம் பேசப் போனாக்கூட எல்லாம் முடிவானாத்தான் அங்க கை நனைப்பாங்க. கை நனைக்க மாட்டேன்னு ஒருத்தர் சொல்லிட்டா, உன் வீட்டுச் சோறு வேணாம், உன் ஒறவும் வேணாம்னு அர்த்தம்."

அஞ்சனா அரிசி மூட்டையிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஓ மை காட்," என்றாள். "நான் நம்ம தண்ணியிலதான் ஏதோ பிராப்ளம்னு நெனச்சேன்."

அபயாம்பாள் வெங்கடாசலத்தின் அக்கா. மாயவரத்திலிருந்து முதலில் டெக்சாஸ் வந்தவள் அவள்தான். நர்ஸ் வேலை. தம்பியைப் படிக்க வரவழைத்துத் தன் அபார்ட்மென்டிலேயே வைத்துக்கொண்டு, ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து அவனுக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டுத் தூங்கப் போவாள். அந்தத் தம்பி கல்யாணமாகி, வேலையில் நிலைத்து, ரவுண்ட் ராக்கில் சொந்த வீடு வாங்கினான். கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சுவது கூடப் பிறந்தவளின் உரிமை. அதற்காக வெள்ளிப் பாத்திரமே வாங்கி வைத்திருந்தாள்.

அன்று பார்த்து ஐ-35 நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. அவள் கார் நின்ற இடத்திலேயே நின்றது. இங்கே ஹோமப் புகையில் ஸ்மோக் அலாரம் கத்துகிறது. ஐயருக்குப் பதினோரு மணிக்கு லியாண்டரில் இன்னொரு கிரகப்பிரவேசம். நல்ல நேரம் முடியப் போகிறது என்று அவர் பறக்கிறார். அடுப்பைப் பற்ற வைத்தது ஸ்வர்ணாதான். பால் பொங்கி வழிகிற சமயத்தில் அபயாம்பாள் பட்டுப்புடவையும் வெள்ளிப் பாத்திரமுமாக உள்ளே வந்தாள். அடுப்பையும் பார்த்தாள், ஸ்வர்ணா கையிலிருந்த கரண்டியையும் பார்த்தாள்.

"ஒரு பத்து நிமிஷம் பொறுக்க முடியலியா ஸ்வர்ணா? சரி. இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

சொன்னவள் சொன்னபடியே இருந்தாள். வராமல் இருக்கமாட்டாள். தீபாவளிக்கு வருவாள், அஞ்சனாவின் பிறந்த நாளுக்குத் தவறாமல் வருவாள். சோபாவில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். தாகம் எடுத்தால் காரிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து குடிப்பாள். ஸ்வர்ணா தாம்பூலம் கொடுத்தால் குங்குமத்தை எடுத்துக்கொண்டு வாழைப்பழத்தைத் தட்டிலேயே விட்டுவிடுவாள். ஊரெல்லாம் ஸ்வர்ணாவின் மாவில் இட்லி சாப்பிடுகிறது. நாத்தனார் வாயில் மட்டும் ஒரு பருக்கை போனதில்லை. ஒரே ஒரு தரம் கோயிலில் ஸ்வர்ணா செய்த புளியோதரையை இரண்டு தொன்னை சாப்பிட்டாள். ஸ்வர்ணா முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு, "இது சாமி வீடு. உன் வீடு கெடயாது," என்றாள்.

இப்போது அபயாம்பாள் பக்கத்து ஊர் சீடர் பார்க்கில் இருந்த தன் வீட்டை விற்றாகிவிட்டது. வேலையும் இந்த வாரத்தோடு சரி. மகன் கிரீஷ் நியூஜெர்சியில் ஐசலினில் இருக்கிறான், அவனோடு போய் இருக்கப் போகிறாள். வருகிற வாரம் சாமான் ஏற்ற வண்டி வருகிறது. அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எப்படியாவது கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று ஸ்வர்ணா ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தாள். இனிமேல் இரண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம். அங்கே இந்த நாத்தனார் எந்த வீட்டுக்கு வந்து உட்காரப் போகிறாள்?

அந்த நேரத்தில்தான் குழாய் படம் போட்ட ரெக்கார்டு வந்து இறங்கியிருக்கிறது.

சாயங்காலம் வெங்கடாசலம் சிப் ஃபேக்டரியிலிருந்து வந்தார். பன்னிரண்டு மணி நேரம் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்கிற வேலை. மூக்கில் மாஸ்க் அழுத்திய தழும்பு போயிருக்காது. ஸ்வர்ணா ரசத்தை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"இங்கிலீஷ் பாட்டுதானே. அக்கா எங்க கேக்கப் போறா?" என்றார்.

"உங்க அக்கா இந்த ஊர்ல நம்மளுக்கு முன்னாடியே இருக்காங்க. அவங்களுக்கா இங்கிலீஷ் தெரியாது?"

"நாளன்னிக்கு ஒரு நாள் அந்தப் பாட்ட விட்டுட்டு மத்ததப் பாடட்டும்."

"டைட்டிலே அதுதாங்க. அட்டையில கொழாய் போட்டாச்சு. இன்னொன்னும் இருக்கு." ஸ்வர்ணா கரண்டியை வைத்தாள். "'அப்பா காத்திருக்க வேண்டாம்னு சொன்னார்'னு ஒரு வரி வருது."

வெங்கடாசலம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அவளுக்கு அப்ப ஒம்பது வயசு. அது கேட்டுச்சா?"

"பக்கத்துலதானே நின்னுச்சு. நீங்க, 'அக்கா வந்தா வரட்டும், பத்த வை'ன்னீங்க. எல்லாத்தயும் கேட்டிருக்கு."

"நீ அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"இத்தன வருஷம் சொல்லாதவ இப்பப் போயா சொல்லுவேன்?"

ரசம் ஆறிப்போயிற்று.

அக்காவுக்குப் பாட்டு கேட்கப் போவதில்லை என்ற நம்பிக்கை மறுநாளே போயிற்று. ஆஸ்டின் பக்கத்துச் சின்ன ரேடியோ ஒன்றில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். போட்டவர் கரகரத்த குரலில், "அந்தப் பெண்ணின் கையில் என்ன இருந்ததோ! ரத்தமோ, பாவமோ, தண்ணீரில் கழுவிப் போகாத எதுவோ," என்று உருகியிருக்கிறார். அதைச் சேனாபதி கேட்டுவிட்டார். சேனாபதி பொதுப்பணித் துறையில் ரிட்டையராகி மகன் வீட்டுக்கு வந்தவர். கோயில் வாட்ஸ்அப் குரூப் அவர் கையில். ஐந்து ரோஜாப்பூவுக்கு நடுவில் அவர் போட்டிருந்த செய்தி இது:

"பெருமைமிகு தருணம்! நம் மாவு ஸ்வர்ணாவின் மகள் அஞ்சனா அமெரிக்க வானொலியில்! கை கழுவாத ஒரு கொலைகாரியைப் பற்றிய உருக்கமான பாடல். அனைவரும் கேட்டு மகிழவும்."

ஸ்வர்ணா அப்படியே அடுப்பங்கரை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மாவு வாங்க வந்தவர்கள் வாசலில் நின்று, "கன்கிராட்ஸ் ஆன்ட்டி! யாரு ஆன்ட்டி அந்தக் கொலைகாரி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இவள் சிரித்து வைத்தாள். அபயாம்பாளுக்கு மூன்று தரம் போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

"நான் அத்தைகிட்ட பேசட்டுமா?" என்றாள் அஞ்சனா. "அது என்னோட மிஸ்டேக். ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன்."

"என்னன்னு சொல்லுவ? நீங்க சாப்பிடலங்கறத நான் அழுக்குக் கைன்னு புரிஞ்சுக்கிட்டேன்னா?"

"நான் அழுக்குக் கைன்னு எழுதல, அம்மா! அது அந்த ரேடியோ ஆளு சொன்னது."

"கேக்கறவங்க அப்படித்தானேடி கேக்கறாங்க." ஸ்வர்ணா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சீடர் தூளா வேறென்னவா என்று மகள் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை. ஸ்வர்ணா சமையலை முடித்துவிட்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். கச்சேரிக்குப் போகிறவள் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்று வெந்தயக் குழம்பு, வாழைக்காய் வறுவல், தொண்டைக்கு மிளகு ரசம். வாசல் மணி அடித்தது. மிச்ச மாவுக்கு யாராவது வந்திருப்பார்கள் என்று வெங்கடாசலம் போய்த் திறந்தார்.

"கொலைகாரி வந்திருக்கேன். உள்ள வரலாமா?"

அபயாம்பாள் நீல நிற நர்ஸ் உடுப்பிலேயே நின்றாள். டயாலிசிஸ் சென்டரில் கடைசி நாள் ஷிஃப்ட், பாதியில் அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது, கையில் கேக்கு மிச்சம் வைத்த டப்பா. சட்டையில் 'ஆபி' என்று பெயர் குத்தியிருந்தது. மூக்கு சிவந்து, கண் சிவந்து, கையில் வழக்கமான தண்ணீர் பாட்டில்.

"வாக்கா," என்றார் வெங்கடாசலம். கதவைப் பிடித்தபடி வழி விட்டார்.

"வாங்கண்ணி. உக்காருங்க." ஸ்வர்ணா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "அண்ணி, அந்தச் சேனாபதி சார் போட்டது..."

"அந்த ஆளை விடு. அவரு எம்.ஜி.ஆர் பொறந்த நாளுக்குக் காந்தி படம் போடறவரு. எங்க பாட்டுக்காரி?"

அஞ்சனா மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எறங்கி வாடி. கடிக்க மாட்டேன். இந்தா, கையப் பாரு."

சோபாவில் உட்கார்ந்து, டப்பாவைப் பக்கத்திலும் பாட்டிலை மடியிலும் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள் அபயாம்பாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, புறங்கை தோல் காகிதம் போல உலர்ந்து கிடந்தது.

"ஒரு பேஷண்டுக்கும் அடுத்த பேஷண்டுக்கும் நடுவுல கழுவணும். கிளவுஸ் போடறதுக்கு முன்னாடி கழுவணும், கழட்டினதுக்கு அப்பறம் கழுவணும். முப்பத்தஞ்சு வருஷமா கை கழுவிக் கழுவி ரேகையே போயிடுச்சு. போன வாரம் போனைக் கைரேகையில தொறக்கப் பாத்தேன், நீ யாருங்குது. என்னைப் போயி கை நனைக்காதவன்னு பாடியிருக்கியே?"

"அத்தை, ஐ ஆம் சோ சாரி. எனக்கு மீனிங் தெரியாது. நான் சத்தியமா..."

"எனக்கு வாட்ஸ்அப்ல வந்தத நான் கேக்கல. இன்னிக்குக் காலையில என் பேஷண்ட் ஒருத்தன் போட்டுக் காட்டினான். வெள்ளக்காரக் கெழவன், மெஷின்ல மாட்டினா நாலு மணி நேரம் அசைய முடியாது. 'ஆபி, உங்க ஊர்ப் பொண்ணு பாடுது, கேளு'ன்னான். அவன் கையப் புடிச்சிக்கிட்டே முழுசாக் கேட்டேன். அவன் அழுவறான். 'பாவம் அந்தக் கொழந்த, அவங்க வீட்டுத் தண்ணி சரியில்லன்னு நெனச்சிக்கிச்சே'ங்கறான். ரேடியோக்காரனுக்குப் புரியல, இவனுக்குப் புரிஞ்சிருக்கு. அந்தப் பொம்பள நான்தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

அபயாம்பாள் ஒரு தரம் தும்மிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நெஜமாவே அப்படியா நெனச்ச?"

அஞ்சனா தலையை ஆட்டினாள். "ஃபோர்த் கிரேட் சயன்ஸ் ஃபேர்ல நான் என்ன புராஜெக்ட் பண்ணினேன் தெரியுமா, அத்தை?"

"தண்ணி டெஸ்ட்," என்றாள் ஸ்வர்ணா. அதன் காரணம் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "சமையல் ரூம்ல, பாத்ரூம்ல, தோட்டத்துல, எல்லாக் கொழாயிலயும் தண்ணி புடிச்சு, பேப்பர் முக்கிக் கலர் பாத்துட்டு இருப்பா. தேர்டு பிரைஸ் குடுத்தாங்க."

"எல்லாம் நார்மல்னு வந்துச்சு," என்றாள் அஞ்சனா. "அப்பறமும் நீங்க பாட்டில் எடுத்துட்டு வந்தீங்க. அதனால டெஸ்ட்தான் தப்புன்னு நெனச்சேன்."

அபயாம்பாள் தன் மடியிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். எடுத்து சோபாவுக்குக் கீழே, கால் மறைவில் வைத்தாள்.

பிறகு, தம்பி பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"'அப்பா காத்திருக்க வேண்டாம்னு சொன்னார்.' அதுவும் கொழந்த தப்பாப் புரிஞ்சுக்கிட்டதா வெங்கட்டு?"

வெங்கடாசலம் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார். வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில், எங்கே போவது என்று தெரியாதவர் போல.

"இல்லக்கா. நான்தான் சொன்னேன். ஐயரு கத்தறாரு, அலாரம் கத்துது. நீ ஃப்ரீவேயில இருக்க. ஸ்வர்ணா வேணாம்னுதான் சொன்னா. அண்ணி வரட்டும்னா. நான்தான் பத்த வைன்னேன்."

"அப்ப நான் அவளைக் கேட்டேனே. நீ பக்கத்துலதானே மரம் மாதிரி நின்ன?"

"நின்னேன்."

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"பயம்க்கா."

"யாருகிட்ட? எங்கிட்டயா?"

"பின்ன வேற யாருகிட்ட."

அபயாம்பாளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அடக்கிக்கொண்டு ஸ்வர்ணாவைப் பார்த்தாள்.

"அவன் பயந்தாங்கொள்ளி, பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். உனக்கென்ன? உனக்கு வாய் இல்லியா? இத்தன வருஷமா ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, 'உங்க தம்பிதான் சொன்னாரு அண்ணி'ன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

ஸ்வர்ணா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"எம்மேல கோவம்னா, தம்பியப் பாக்கவாவது வாசப்படி ஏறி வருவீங்க. தம்பி மேலயே கோவம்னா எதுக்கு வருவீங்க, அண்ணி? அதான் சொல்லல."

கராஜில் எலக்ட்ரிக் கம்பளியின் டைமர் டிக்கென்று நின்ற சத்தம் அங்கே வரை கேட்டது. அபயாம்பாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"மூக்கு அடைச்சுக் கெடக்கு. அப்பவும் வாசன வருது. வெந்தயக் கொழம்பா?"

"ஆமாண்ணி. சுண்டக்கா வத்தல் போட்டது." ஸ்வர்ணா ஓரடி முன்னால் வந்தாள். "சூடா இருக்கு. ஒரு வாய்..."

"வெயிட்," என்றாள் அஞ்சனா. குறுக்கே வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. "அத்தை, நீங்க சாப்பிட்டா நான் இன்னிக்கு அந்தப் பாட்டு பாட மாட்டேன். இட் வோன்ட் பீ ட்ரூ எனிமோர். எனக்குப் பாட்டு வேண்டாம். நீங்க சாப்பிடுங்க."

"ரெக்கார்டு எல்லாம் அடிச்சாச்சு. அட்டையில கொழாய் வேற இருக்கு."

"பரவால்ல. மத்த பாட்டு பாடறேன்."

"அந்தக் கெழவனுக்கு என்ன பதில் சொல்றது? சாயங்காலம் பையனோட டெய்லருக்கு வரேன்னிருக்கான். அந்தப் பாட்டுக்காகத்தான் வரான்." அபயாம்பாள் எழுந்தாள். "நான் ஒண்ணு சொன்னா சொன்னதுதான். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னேன். நனைக்க மாட்டேன்."

ஸ்வர்ணாவின் முகம் விழுந்துவிட்டது. எத்தனையோ தடவை பார்த்த முடிவுதான். இன்றைக்கு மட்டும் அது வேறு மாதிரி முடியும் என்று நினைத்தது தன் தப்பு என்று தோன்றிற்று. தாம்பூலத் தட்டை எடுக்கப் போனாள்.

அபயாம்பாள் வாசலுக்குப் போகவில்லை. சமையலறை மேஜைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஸ்பூன் இருக்கா?"

"ஸ்பூனா?" என்றார் வெங்கடாசலம். "உனக்கா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அக்காவின் அபார்ட்மென்டில் இருந்த நாளில் அவர் ஒரு தரம் ஸ்பூன் எடுத்ததற்கு, "நீ என்ன பேஷண்டா?" என்று கேட்டுக் கையிலேயே தட்டியிருக்கிறாள். கல்யாண வீடுகளில் ஸ்பூனால் சாப்பிடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"எனக்குத்தான். நல்லாக் கேட்டுக்கோங்க. கை நனைக்க மாட்டேன்னுதான் சொன்னேன். ஸ்பூனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஸ்வர்ணா, ஏன் நிக்கற? எடு. இவ பாட்டு பொய்யாகக்கூடாது."

ஸ்வர்ணா இழுப்பறையைத் திறந்தாள். அவசரத்தில் கரண்டி, தோசைத் திருப்பி, வடிகட்டி எல்லாம் வந்தது, ஸ்பூன் வரவில்லை. கடைசியில் ஆர்டர்களுக்குப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்று அகப்பட்டது. தட்டில் சாதம் போட்டு, நெய் விட்டு, குழம்பை ஊற்றினாள். அப்பளத்தை வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

சாதத்தைப் பிசையவும் அபயாம்பாளுக்கு ஸ்பூன்தான். பிளாஸ்டிக் வளைந்தது. பருக்கைகள் மேஜையில் சிந்தின. சுண்டைக்காய் ஒன்று உருண்டு ஓட, ஸ்பூனால் துரத்தினாள், அகப்படவில்லை. ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மென்றாள். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பாக்கறீங்க? உப்பு ஒரு கல்லு கொறச்சல்."

ஸ்வர்ணா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே உப்பை எடுக்க ஓடினாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அஞ்சனாவுக்கு ரசம் மட்டும். வெங்கடாசலம் தலை நிமிராமல் சாப்பிட்டார். அக்கா அவரைத் திட்டுவதை நிறுத்தாமல் சாப்பிட்டாள். இந்த லட்சணத்தில் சிப் செய்கிறாயா, உன் சிப்பு வாயையாவது திறக்குமா என்று கேட்டாள். மறுசோறு வாங்கிக்கொண்டாள். ஐசலினில் கிரீஷ் வீட்டில் எல்லாம் ஃப்ரிட்ஜில் வைத்த சாப்பாடுதான், அங்கே எலக்ட்ரிக் கம்பளியில் மாவு பொங்குமா என்று விசாரித்தாள். ஸ்வர்ணா நடுநடுவே எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் மூன்று பேரும் எச்சில் கையோடு ஸிங்க் பக்கம் போனார்கள். குழாய் திறந்து தண்ணீர் விழுந்தது. அபயாம்பாளும் வழக்கத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். கை குழாய்க்குக் கீழே போகப் போன இடத்தில் நின்றுவிட்டாள். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அஞ்சனாவைப் பார்த்தாள். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஸ்வர்ணா, இந்தத் தட்ட நீதான் கழுவணும்," என்றாள். "நான் கை நனைக்க மாட்டேனே."